பதினாலாம் நம்பர் அடிமெத்தை

“தாம்புக்கயிறு மாதிரி இழுத்து இறுக்கிக் கட்டினா குளிராம என்ன பண்ணும்?”

“நான் இறுக்கல கலா! நீ தைச்சதுதான் குப்பை. இருபத்தேழு நாளா முதுகுக்குக் கீழே கேரட் கழுவின தண்ணிய ஊத்தின மாதிரி இருக்கு!”

“எழுபத்தாறு பேர் இதே மேட்டுல தூங்கறாங்க யோகண்ணே. எழுபத்தஞ்சு பேருக்குப் பச்சை. உங்க ஒருத்தர் முதுகுக்கு மட்டும் நான் தனியா சதி பண்ணினேனா?”

“பண்ணியிருப்ப! யாருக்குத் தெரியும்?”

காலை ஆறே முக்கால் மணிக்கு இந்தச் சண்டை. மேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறு முழுக்க ஊராரின் அடிமெத்தைகள் தொங்கிக்கொண்டிருந்தன. என்னுடையதை நான் ஏற்கெனவே உதறிக் காயப்போட்டாயிற்று. ஆனால் சண்டை நடக்கிற இடத்தில் வெயில் கொஞ்சம் நன்றாக விழுவதுபோலத் தோன்றியதால், எடுத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிப் போட்டேன்.

ஒரு பக்கம் இந்திரகலா. வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் சரியான பதிலும் வராது. திருப்பூரில் ஏதோ துணி ஆராய்ச்சிக் கூடத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, ஒரு தையல் மெஷினும் எட்டு மூட்டை நாருமாக ஊர் திரும்பியவள். மறுபக்கம் யோகலிங்கம். பிக்கப் வண்டியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறவன். ஆறடி உயரம், தனிக்கட்டை, குறட்டை. நடுவில் பெனிட்டா. பேரிடர் ஆபீஸிலிருந்து தினமும் வந்து மணி பார்த்துக் குறித்துக்கொண்டு போகிற பெண்.

“சிவப்பு,” என்றாள் பெனிட்டா, யோகலிங்கத்தின் தூளிக் கயிற்றில் தொங்கிய பாசிமணியைத் திருப்பிப் பார்த்து. ராத்திரி முழுக்க உடம்போடு கிடக்கிற மணி அது; உடம்பு குளிர்ந்தால் சிவக்கும், கதகதப்பாக இருந்தால் பச்சை. “உடம்பு எப்படி இருக்கு சார்?”

“எப்படி இருக்கும் மேடம்? நேத்து கேட்டீங்களே, அப்படியேதான் இருக்கு.”

அவள் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதில்தான் எங்கள் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது.

கோத்தகிரிக்கு மேலே எங்கள் தேன்கல்மட்டம் முப்பத்தொரு வீடுகள் கொண்ட தேயிலைத் தோட்ட லைன். பக்கத்து லைன் ஒரு ஐப்பசியில் மண்ணோடு கீழே போனபிறகு, எங்கள் சரிவுக்குள்ளும் ஆழமாகக் குழி போட்டுக் கருவிகளை இறக்கினார்கள். மண்ணுக்குள் நீர் நகர்ந்தால் அவை கேட்டுவிடும், ஊளையிடும். மலைக்காது என்று பெயர் வைத்தோம். ஊளை கேட்ட இருபதாவது நிமிஷம் நாங்கள் பாறை மேட்டில் இருக்கவேண்டும். மண் அடங்க ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். அதுவரை எங்கே தூங்குவது? மேடு வனத்துறை நிலம், ஓர் ஆணி அடிக்கக்கூடாது. தரையில் படுத்தால் கீழே பாறை, மேலே அட்டை, மார்கழியில் உறைபனி. அதனால் எல்லோரையும் சமவெளியில் பதினொரு மாடிக் கட்டிடத்துக்கு மாற்றிவிடுவதாக முடிவு. அந்தக் கட்டிடத்துக்கு ஏற்கெனவே போன பக்கத்து லைன்காரர்கள் இன்னும் ஜன்னலைத் திறந்து மலையைத் தேடுகிறார்களாம்.

அப்போதுதான் இந்திரகலா தூளியோடு வந்தாள். மரத்தில் கட்டுவதற்குத் தடையில்லை. அகலப் பட்டை போட்டுக் கட்டினால் மரப்பட்டை அறுபடாது. பெரிய ஆள் தூளியில் தூங்குவதா என்று ஊரில் பாதிப்பேருக்கு வெட்கம். ஆபீஸ் படிவத்தில் ‘தொங்கு துயில் அமைப்பு’ என்று போட்டிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும் என்பதால் நாங்கள் தூளியோடு நின்றுகொண்டோம்.

ஆபீஸில் நாற்பத்தைந்து இரவு சோதனை என்றார்கள். எங்கள் ஆட்கள், “வைக்கிறதுதான் வைக்கிறீங்க, ஒரு மண்டலமா வைங்க,” என்று பிடிவாதம் பிடித்து நாற்பத்தெட்டாக்கினார்கள். கேட்டு வாங்கிய மூன்று இரவு. கடைசி ஐந்து இரவில் ஒரு மணிகூடச் சிவக்கக்கூடாது. சிவந்தால் ஊர் காலி. ஒரு ஆளை நீக்கிவிட்டுக் கணக்குக் காட்டவும் முடியாது. பெயரை நீக்கினால் வீட்டை நீக்கியதாகத்தான் அர்த்தம்.

அன்றைக்கு முடிந்தது முப்பத்தெட்டாம் இரவு.

“வேற ஒண்ணு தைச்சுக் குடுத்துடேன்,” என்றேன் நான். சண்டை நின்றுவிடும்போல இருந்தது.

“தைக்கலாம் பிலோமிக்கா. ஒரு மெத்தை ஒரு உடம்பைப் படிக்கப் பத்து ராத்திரி ஆகும். பத்து ராத்திரிதான் பாக்கியே இருக்கு. அதுக்குள்ள கடைசி அஞ்சும் சிவப்பாயிடும்.”

இந்தப் ‘படிக்கிறது’ விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் பெனிட்டாவுக்கு இந்திரகலா விளக்கியபோது நான் தற்செயலாக மரத்துக்குப் பின்னால் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மேடம், தூளியில குளிர் மேல இருந்து வராது, கீழ இருந்து வரும். எத்தனை கம்பளி விரிச்சு மேல படுத்தாலும் பிரயோஜனமில்ல.”

“ஏன்?”

“கதகதப்பு பஞ்சுல இல்ல. பஞ்சுக்கு நடுவுல நிக்கிற காத்துல இருக்கு. நம்ம உடம்பு அமுக்கினா காத்து போயிடும். அதான் மெத்தையைத் தூளிக்கு வெளிய, கீழ்ப்பக்கமா, முதுகைத் தொட்டும் தொடாம தொங்கவிடறேன். இது அடிமெத்தை. இதுல இருக்கிற நார் குளிர்ந்தா உப்பும். ஆனா எல்லா இடத்துலயும் உப்பற அளவுக்கு நார் போட்டா கனம் ஏறிடும். ஒரு கையில புள்ளையை வெச்சிட்டு இன்னொரு கையில இதைத் தூக்கிட்டு மேடு ஏறணுமே! அதனால நாரைக் குறைச்சிட்டேன். யாருக்கு எங்க குளிருதோ அங்க மட்டும் உப்பக் கத்துக்கும். பத்து ராத்திரி ஒருத்தர் படுத்தா அவங்க தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிடும். பதினோராம் நாள் ஆவி காட்டினா, இஸ்திரி மடிப்பு மாதிரி அப்படியே நின்னுடும்.”

“அதுக்கப்புறம் வேற ஆள் படுத்தா?”

“அவங்க தோளுக்குக் குளிரும், இவங்க தோள் இருந்த இடம் உப்பிட்டு நிக்கும்.”

பெனிட்டா சிரித்தாள். எனக்கு வேறு ஒரு விஷயம் உறைத்தது. காலைக் குளிரில் கொடியில் போட்ட மெத்தை ஒவ்வொன்றும் அதில் தூங்கியவரின் உருவத்தில் உப்பிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறினால் வெறும் துணியாகிவிடும். ஆக, விடிந்ததிலிருந்து ஏழரை மணிவரை ஊர் முழுக்க வரிசையாகக் கொடியில் தொங்கியது. யார் குப்புறப் படுக்கிறார்கள், யார் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறார்கள், எல்லாம். குப்புறப் படுக்கிற ரேஷன் கடைக்காரர் மனைவி ஒருக்களித்துப் படுக்க ஆரம்பித்ததை முதல் பத்து நாளுக்குள்ளேயே மெத்தையில் பார்த்து, அவள் வாந்தி எடுப்பதற்கு முன்னாலேயே நான் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டேன். அவள் மாமியாருக்கு என்மேல் இன்னும் கோபம். இந்திரகலா குளிருக்குக் கண்டுபிடித்தாள்; அது எனக்கும் கொஞ்சம் உதவியாக இருந்தது, அவ்வளவுதான்.

யோகலிங்கம் ஒருவன்தான் மெத்தையைக் காயப்போடுவதே இல்லை. சண்டை முடிந்ததும் சுருட்டி வண்டியில் இருக்கைக்குப் பின்னால் திணித்துக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவான். இந்திரகலா இரண்டு தடவை பகலில் வாங்கிப் பார்த்தாள். வெயிலில் அது ஒன்றும் சொல்லவில்லை. நார் நன்றாக இருந்தது, தையல் நன்றாக இருந்தது.

மறுநாள்தான் நான் நவமணியைக் கவனித்தேன்.

நவமணிக்கு நாற்பத்தொரு வயது, கொழுந்து பறிக்கிறவள், ஐந்தடி இருந்தால் அதிகம். சோதனையின் பதினோராம் நாள், மெத்தைகளுக்கு ஆவி காட்டிய அதே நாள், அவள் புருஷன் கதிர்காமன் தேயிலை ஃபேக்டரியில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு, இருபத்தெட்டாம் இரவு அவள் மேட்டுக்குத் திரும்பி வந்தாள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை. அவள் வராவிட்டால் ஒரு வீடு குறையும் என்று அவளுக்கே தெரியும்.

வந்ததிலிருந்து இருமல். உதடு நாவல்பழம் தின்றது போல. ஆனால் மணி மட்டும் தினமும் பச்சை! துக்கத்தில் இருக்கிறவளை யாரும் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். கொடியில் கிடந்த அவள் மெத்தையைத் தொட்டேன். மற்ற எல்லாருடையதும் பனியிலும் மூச்சிலும் ஈரமாக இருந்தது. அவளுடையது மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

ராத்திரி அவள் இதன் மேல் தூங்கவில்லை. அப்படியானால் எதன் மேல் தூங்கினாள்?

நாற்பதாம் இரவு கழிந்த காலை, அவள் முகம் கழுவ ஓடைக்குப் போன நேரத்தில், அவள் தூளியின் கீழே குனிந்து பார்த்தேன். பார்த்தேன் என்றால் சும்மா பார்த்தேன். இன்னொரு அடிமெத்தை கட்டியிருந்தது. குளிரில் உப்பி நின்றது. ஐந்தடி நவமணியின் குதிகால் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு முழம் போய், இரண்டு பெரிய குதிகால்கள். தோள் அரிசி மூட்டை அகலம். ஓர் ஆம்பிளை.

நான் இரண்டே பேரிடம்தான் சொன்னேன். டீ நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு பேருக்கும் வாய் நிற்காது.

பறிப்பு முடிந்து கூடையோடு வந்த நவமணியை வழியிலேயே நான்கைந்து பேர் நிறுத்தினார்கள். “யாரு நவமணி அது? சாம்பல்கூட ஆறல,” என்று ஆரம்பித்தவள் ரேஷன் கடை மாமியார். நவமணி கூடையை இறக்கி வைத்தாள். ஒரு தடவை எல்லோரையும் பார்த்தாள், என்னையும்.

“என் புருஷன்தான். வேற யாரு? ஆவி காட்டின அன்னைக்கு அவரு மெத்தையை வீட்டுல கொண்டாந்து வெச்சிருந்தாங்க. அவரு படிஞ்சு கிடக்காரு அதுல. அதுல படுத்தா அவரு பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. எனக்குக் குளிருது. குளிரட்டும். உங்களுக்கு என்ன?”

“மணி பச்சையா இருந்துச்சே?” என்றாள் இந்திரகலா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு.

“விடிகாலம் எழுந்து அக்குள்ள வெச்சுக்குவேன். அரை மணியில பச்சையாயிடும்.”

ரேஷன் கடை மாமியார் அந்தக் கூடையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு எடைபோட நடந்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, இந்த இருமலோட இன்னும் எட்டு ராத்திரி தாங்காது,” என்றாள் இந்திரகலா. “உங்க மெத்தையில படுங்க. அதை நான் பத்திரமா வெச்சிருக்கேன்.”

“நீ மறுபடி ஆவி காட்டிடுவ. அவரு போயிடுவாரு.”

“மாட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க. நார் தாங்குதான்னு பாத்துட்டுத் தர்றேன்.”

நவமணி குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

பகலில் உருவம் தெரியாது என்பதால் இந்திரகலா அதை நேரே கேரட் குளிர்கிடங்குக்கு எடுத்துப் போனாள். கூடப் போக யாராவது வேண்டாமா? நான் போனேன். சாக்குகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் விரித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தோள் எழுந்தது. பிறகு இடுப்பு, முழங்கால். வெறும் துணிக்குள்ளிருந்து ஓர் ஆள் மெதுவாக மேலே வந்தார். கும்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

இந்திரகலா கால்மாட்டில் குந்தியிருந்தாள். ரொம்ப நேரம் அங்கேயே இருந்தாள்.

“பிலோமிக்கா, கதிர்காமண்ணன் எப்படி நடப்பாரு?”

“ஒரு காலைச் சாய்ச்சு. ரோலர்ல மாட்டி இடது கால் நாலு விரக்கடை குட்டையாயிடுச்சே.”

“இதுல ரெண்டு குதிகாலும் சமமா இருக்கு.”

எனக்குக் குளிர்கிடங்கிலும் வியர்த்தது.

அவள் எழுந்து வெளியே போனாள். மண்டியிலிருந்து திரும்பி நிறுத்தியிருந்த பிக்கப்பில் இருக்கைக்குப் பின்னாலிருந்து யோகலிங்கத்தின் சுருட்டலை உருவிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் விரித்தாள். அதிலும் ஓர் ஆள் எழுந்தார். சின்னத் தோள். இடது குதிகால் நாலு விரக்கடை மேலே.

“அப்போ இது கதிர்காமன்,” என்றேன்.

“இத்தனை நாளா யோகண்ணன் அவர் மேல படுத்துட்டு என்னைத் திட்டிட்டிருந்திருக்காரு. நவமணிக்கா யோகண்ணன் மேல…” அவள் பாதியில் நிறுத்தினாள். “எப்படி மாறிச்சு? ஒவ்வொண்ணுலயும் நம்பர் தைச்சேனே. ரெண்டு தடவை வாங்கிப் பாத்தப்பவும் நாரைத்தான் பாத்தேன், நம்பரைப் பாக்கல. இதோ, பதினாலு. யோகண்ணன் வீடு பதினாலுதானே?”

“அவன் வீடு இருபத்தி ரெண்டு,” என்றேன். “நவமணி வீடுதான் பதினாலு.”

“அது பழைய நம்பர்க்கா! புதிய நம்பர்ல நவமணிக்கா வீடு ஒன்பது, யோகண்ணன் வீடு பதினாலு.”

நம் ஊரில் எந்த வீட்டுக்குத்தான் ஒரே நம்பர் இருக்கிறது? கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, தபால்காரருக்கு மூன்றாவதாக ஓர் அடையாளம். திருப்பூரிலிருந்து வந்தவள் ஆபீஸ் பட்டியலைப் பார்த்துப் புதிய எண்ணைத் தைத்துவிட்டாள். சரி, அது அவள் தப்பு.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பதினோராம் நாள் ஆவி காட்டி முடித்ததும் எல்லோரும் அவரவர் மெத்தையை எடுத்துக்கொண்டார்கள். நவமணி தன்னுடையதை எடுத்துக்கொண்டாள், அதற்குள் ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். யோகலிங்கம்தான் அந்தப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு மெத்தை மட்டும் கொடியில் மிஞ்சின. மழை தூற ஆரம்பித்தது. யாருடையது எப்படி உப்பும் என்று பார்க்கக் காத்துக்கொண்டு அங்கே நின்றது நான் ஒருத்திதான். ஆவிச் சூடு ஆறாததால் இரண்டும் இன்னும் வெறும் துணிதான். உதவி செய்வோமே என்று எடுத்தேன். ஒன்றில் 14, ஒன்றில் 9. நாற்பது வருஷமாக எனக்குப் பதினாலு என்றால் நவமணி வீடு. அங்கே ஒன்றை வைத்தேன். மற்றதை யோகலிங்கம் வாசலில் போட்டேன். நவமணி தன் மெத்தையில் 9, புருஷன் மெத்தையில் 14 என்று பார்த்தபோது, ஒன்றில் பழைய எண் ஒன்றில் புதிய எண் என்று எடுத்துக்கொண்டாளாம். கதவிலும் அப்படித்தானே இருக்கிறது. யோகலிங்கத்துக்குத் தன் வீட்டின் எந்த எண்ணும் தெரியாது.

இதை நான் அப்போது இந்திரகலாவிடம் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவுமில்லை.

“பேசாம மாத்தி வெச்சிடு,” என்றேன். “அவனுக்கு அவனோடது. அவளுக்கு அவளோடது. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“யோகண்ணனுக்குப் பச்சை வந்துடும். நவமணிக்கா? குட்டைக் காலைப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிக்கலேன்னாலும் அதுலயும் குளிரத்தான் போகுது. இருமல் நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சுக்கா. மணியை ஏமாத்தலாம், நெஞ்சை ஏமாத்த முடியுமா?”

“அப்ப சொல்லிடு.”

“என்னன்னு சொல்ல? பத்து ராத்திரிக்கு மேல உங்க புருஷன்னு நினைச்சு அழுதது கேரட் வண்டிக்காரர் மேலன்னா?” அவள் இரண்டு மெத்தையையும் தனித்தனியாகச் சுருட்டினாள். “நான் குளிருக்குத்தான்க்கா இதைச் செஞ்சேன். மனுசங்க இதுக்குள்ள தங்கிடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு நாள் குடுங்க, யோசிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

என்னிடம், இதை! இரண்டு நாள்!

அதே மெத்தை நவமணியிடம் திரும்பப் போனது. யோகலிங்கம் படுத்துக்கொண்டிருந்தது பிக்கப்புக்குப் போனது. நான் ஊரில் யாரிடமும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் விசாரித்தார்கள். ராத்திரி நவமணியின் தூளியிலிருந்து இருமல் கேட்கும். நடுவே நடுவே அவள் மெல்லப் பேசுவதும் கேட்கும். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. உண்மையாகவே. போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

இரண்டு நாள் மூன்றாகி, நாற்பத்து மூன்றாம் இரவும் கழிந்தது. அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். ரசம் கொண்டு போனேன், வெறுங்கையோடு போக முடியவில்லை.

“நவமணி, நம்பர் பாத்து வெச்சது நான்தான்,” என்று ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் எப்படியோ முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அவள் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “யோகுவா?” என்றாள்.

“ம்.”

“அந்த யோகுவா?”

“அவன்தான்.”

அவளுக்கு இருமல் வந்தது என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பில் வந்து நின்றது. “ஐயோ அக்கா, புள்ளைங்க படிப்பு, சித்தப்பன் தகராறு, இடுப்பு வலி எல்லாத்தையும் சொன்னேனே! ‘இன்னைக்கு என்னங்க ரொம்ப அகலமாயிட்டீங்க’ன்னு வேற கேட்டேன். செத்தா ஊதிடுவாங்களோன்னு நினைச்சிட்டேன்.”

நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

“அப்ப அவரு எங்க?” என்றாள்.

குளிர்கிடங்கில் இந்திரகலா விரித்து வைத்தாள். நவமணி குந்தி உட்கார்ந்து, எழுந்து வந்த உருவத்தைப் பார்த்தாள். இடது குதிகால் மேலே நின்ற இடத்தில் கையை வைத்தாள். “இதுதான்,” என்றாள். வெளியே யோகலிங்கம் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். இந்திரகலா அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். ஆறடி ஆளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நவமணிக்கா, நீங்க என்ன பேசியிருந்தாலும் எனக்கு எதுவும் கேக்கலக்கா,” என்றான்.

“கேட்டிருந்தா ரெண்டு யோசனையாவது சொல்லியிருப்ப,” என்றாள் அவள், திரும்பாமல்.

“அக்கா,” என்றாள் இந்திரகலா. “இன்னைக்கு ராத்திரியில இருந்து கடைசி அஞ்சு. உங்களை நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனா…”

“கட்டாயப்படுத்த வேண்டாம். அவரு முகத்தையே பாத்த மாதிரி பாத்துட்டேன். இனி அவரு மேல ஏறிப் படுக்க எனக்கு மனசு வராது.” நவமணி எழுந்தாள். “என்னோட மெத்தையை அடியில கட்டறேன். இவரை மேல போத்திக்கிறேன். அதுக்கு எதுனா சட்டம் இருக்கா?”

“கனம் கூடிடுமே. ஆபீஸ் அளவு…”

“என்ன கனம்? என் கம்பளியைக் கீழேயே விட்டுட்டு வர்றேன். அது நனைஞ்சா நாலு கிலோ. இவரு அரைக் கிலோகூட இல்ல.”

இந்திரகலா வாயைத் திறந்து, மூடி, கேரட் எடைபோடுகிற தராசைப் பார்த்தாள். ஒன்பது வருஷ ஆராய்ச்சி செய்தவள் அடிப்பக்கத்தையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டாள்; மேலே நாங்கள் போர்த்திய ஆளுக்கு இரண்டு கிலோ கம்பளியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது வீட்டுச் சாமான் என்று விட்டுவிட்டோம்.

“மேல போடறதைக் குளிர்ற பக்கம் இழுத்துக்கலாம்,” என்று தனக்குத்தானே சொன்னாள். “அதுக்கு யார் அளவுங்கறதே தேவையில்ல. யாருடையதும் யாருக்கும் ஆகும்… அக்கா, நீங்க என்ன சொல்லிட்டீங்கன்னு தெரியுதா?”

“எனக்குக் குளிருதுன்னு சொன்னேன்,” என்றாள் நவமணி. “வெளிய போகலாமா?”

அன்றிரவு மூன்று டிகிரி. மறுநாள் இரண்டு. நவமணி அக்குள் வைத்தியம் எதுவும் செய்யாமல் தூங்கினாள். பெனிட்டா வந்து எழுப்பித்தான் மணி பார்த்தாள். பச்சை. யோகலிங்கம் பச்சை. நாற்பத்தாறாம் இரவு தூளிகளின் மேல் கட்டியிருந்த தார்ப்பாய்களில் வெள்ளையாக உறைபனி படிந்து, காலையில் தட்டினால் அப்பளம் போல உடைந்தது. அன்றும் எழுபத்தாறு பச்சை. நாற்பத்தெட்டாம் நாள் காலை பெனிட்டா கடைசி மணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகையை மூடிவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபீஸ் ஆட்கள் அழக்கூடாது என்று சட்டம் இருக்கும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் இங்கேயே இருக்கிறது. அடுத்த ஐப்பசியில் மலைக்காது இரண்டு தடவை ஊளையிட்டது. பதினேழே நிமிஷத்தில் மேட்டில் இருந்தோம், பன்னிரண்டு நாள் இருந்தோம். எட்டாம் நாள் கீழே ஐந்து வீட்டின் பின்சுவர் மண்ணோடு போனது. அந்த வீடுகளில் ஒரு பூனைகூட இல்லை.

இனி மற்ற விஷயங்கள்.

யோகலிங்கமும் நவமணியும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்த்து, வெளியிலும் சொல்லிவிட்டேன். தப்பு. முப்பத்திரண்டு காலை தொடர்ந்து, “உடம்பு எப்படி இருக்கு சார்?” என்று கேட்ட பெனிட்டா, முப்பத்து மூன்றாம் காலை பச்சை மணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த தூளிக்குப் போய்விட்டாளாம். அன்றைக்குத்தான் அவனுக்குக் குளிர்ந்ததாம். சித்திரையில் கோத்தகிரி சர்ச்சில் கல்யாணம். குன்னூருக்குக் குடிபோய்விட்டார்கள். குறட்டையைப் பற்றி அவளிடம் விசாரித்தேன், சிரித்து மழுப்பிவிட்டாள்.

இந்திரகலா சிக்கிம் போனாள். அங்கே அவர்கள் மலையும் இப்படித்தானாம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று இப்போதும் சரியான பதில் இல்லை. அவள் இப்போது தைக்கிற மெத்தைகள் காலையில் கொடியில் எந்த உருவமும் காட்டுவதில்லை. வெளித்துணியில் இன்னொரு அடுக்கு சேர்த்துவிட்டாள். யாரை நினைத்துச் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நவமணியை மூணாறு பக்கம் கூப்பிட்டார்கள், அங்குள்ள லைன்களுக்குத் தூளி கட்டச் சொல்லிக்கொடுக்க. பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனாள். கையில் ஒரு பை, அதில் இரண்டு மெத்தை. ஒரு வருஷம் போனது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மழை, கொழுந்து விலை எல்லாம் பேசிவிட்டு, நடுவில் சாதாரணமாகச் சொன்னாள்:

“அவரோட மெத்தைக்கு நேத்து ஆவி காட்டிட்டேன்க்கா.”

“ஏன்?” என்றேன் ஒருவழியாக.

“இங்க ஒரு ஆளுக்கு மெத்தை பத்தல. இதைக் குடுத்தேன்.”

“யாரு?”

“அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டாள். குரலில் இருமல் சுத்தமாக இல்லை.

மூணாறில் என் பெரியப்பா பேத்தி ஒருத்தி இருக்கிறாள். பதினெட்டு வருஷமாக அவளைப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அவள் ஞாபகமாகவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.